சுண்ணாம்புப் பெட்டியும் காதரின் கார்பனும்

என் மருமகள் இங்கே மலேசியாவில் கூலிம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியராக இருக்கிறாள். கம்ப்யூட்டருக்குள் சுற்றும் தட்டுகளின் மேல் கண்ணுக்கே தெரியாத மெல்லிய கரிப்பூச்சு பூசுவார்களாம். உராய்வு குறைய வேண்டும், தட்டு தேயக் கூடாது, அதற்காக. போன மாதம் ஒரு நாள் சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்தவள், சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து புலம்பினாள்.

“ஹியூமிடிட்டி சரியில்லன்னு டெஸ்ட் முழுக்கத் திரும்பச் செய்யச் சொல்லிட்டாங்க மாமா. ஒரு வகைக் கார்பன் காத்துல ஈரம் இருந்தாத்தான் வழவழன்னு ஓடும். காத்து காஞ்சா பிறாண்ட ஆரம்பிச்சிடும். இன்னொரு வகைக்கு நேர் எதிரு, ஈரமே ஆகாது. ரெண்டையும் வச்சிக்கிட்டு நாங்க படுற பாடு இருக்கே!”

“கார்பனுக்கு ஈரம் வேணும்னு எனக்கு அவசர காலத்துலேயே தெரியும்மா,” என்றேன்.

அவள் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. “நீங்களா மாமா கண்டுபுடிச்சீங்க?”

ஆமாம் என்று சொல்ல வாய் துடித்தது. மறுத்துச் சொல்ல இன்று யாரும் உயிரோடு இல்லை. ஆனாலும் பொய் வரவில்லை. “காதர்னு ஒருத்தன்,” என்றேன். அந்தப் பெயரைச் சொல்லும்போது இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிகிறது. நடந்ததை எழுதி வையுங்கள் என்று அவள் நச்சரித்ததால் எழுதுகிறேன். காதரைப் புகழ்வதற்காக எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

நான் வேலை கற்ற கதையை நீட்ட வேண்டியதில்லை. பாடாங் செராய்க்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். பெயர் கோவிந்தன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள். ஜப்பான்காரன் காலத்தில் எண்ணெய் கிடைக்காமல் லாரிகளைக் கரி அடுப்பு மாட்டி ஓட்டினார்கள். அந்த அடுப்பு மாட்டும் சீனப் பட்டறை ஒன்றில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே இன்ஜின் பழகினேன். சண்டை முடிந்ததும் எங்கள் தோட்டத்திலேயே இன்ஜின் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு கல்யாணம். பிறகு, வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு காட்டில் சண்டை போட்ட அவசர காலம்.

காட்டுக்குள் ஆயுதத்தோடு இருந்தவர்களுக்கு அரிசியும் மருந்தும் போய்ச் சேரக் கூடாது என்று, சிதறிக் கிடந்த லயங்களை, எங்கள் வரிசை வீடுகளைப் பிரித்து ஒரே இடத்தில் கட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். வேலி நெடுக விளக்கு. பொழுது சாய்ந்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். விளக்கு எரிகிற வரைக்கும் வேலிக் காவலில் நிற்கும் எஸ்.சி. என்கிற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் போலீஸ்காரர்கள் பீடி குடித்துக்கொண்டு அமைதியாக இருப்பார்கள். விளக்கு அணைந்தால் அவர்களுக்குக் கை நடுங்கும். அந்தக் கையில் துப்பாக்கி வேறு இருக்கும். அதனால் டைனமோக்காரனுக்கு அந்தக் காலத்தில் நல்ல மரியாதை. பயமும் அதே அளவுக்கு.

எங்கள் தோட்டத்தில் இரண்டு டிவிஷன்கள், இரண்டு வேலிகள், இரண்டு டைனமோக்கள். மேட்டு டிவிஷன் டைனமோ என் பொறுப்பு. ஆற்றோர டிவிஷன் டைனமோ காதர் பொறுப்பு. இரண்டும் ஒரே கப்பலில் வந்து இறங்கிய ஒரே மாதிரி மெஷின்கள்.

டைனமோவில் சுழலும் செம்பு உருளை ஒன்று உண்டு. ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்க, கரிக்கட்டிகள் அந்த உருளையின் மேல் உரசிக்கொண்டே இருக்கும். அந்தக் கரி வழியாகத்தான் கரண்ட் வெளியே வரும். அதைத்தான் நாங்கள் கார்பன் என்போம். நன்றாக ஓடும் டைனமோவில் கரி செம்பின்மேல் தன்னையே கொஞ்சம் பூசிவிடும். காப்பி நிறத்தில் ஒரு மினுமினுப்பு படியும். அது படிந்துவிட்டால் கரியும் பூச்சும் வழுக்கிக்கொண்டு போகும், சத்தமே வராது. பூச்சு உரிந்தால் கீச்சென்று கத்தும், பொறி பறக்கும், கார்பன் மாவு மாவாக உதிரும்.

காதரின் உருளையில் அந்தக் காப்பி நிறம் எப்போதும் இருந்தது. எனக்கு அந்த நிறத்தின்மேல்தான் முதல் பொறாமை.

காதர் யார் என்று சொல்ல வேண்டும். அவன் அப்பா பாடாங் செராயில் ரொட்டிக்கடை வைத்திருந்தார். அடுப்படி வெக்கை பிடிக்காமல் ஓடிவந்து இன்ஜின் கொட்டகையில் புகுந்துகொண்டவன். என்னைவிட இளையவன். வேலைக்குத் தாமதமாக வருவான். வந்ததும் பாட்டு. அவன் கொட்டகை, ரப்பர் ஷீட் அலசும் தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்தது. தரை எந்நேரமும் ஈரம், சுவரில் பாசி. ஷீட் அலசும் பெண்கள் அவன் பாட்டைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வேலை செய்வார்கள். அவன் டைனமோவைத் துடைத்து நான் பார்த்ததில்லை. என் கொட்டகையோ ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கொட்டகையின் சுவரோடு ஒட்டியிருந்தது. அந்தப் புகையையும் வெக்கையையும் சமாளித்து, தரையில் சோறு போட்டுச் சாப்பிடுகிற அளவுக்கு நான் சுத்தமாக வைத்திருந்தேன். ஆனால் என் உருளை அவனுடையதுபோல வரவில்லை.

“என்னடா போடுற அதுக்கு?” என்று ஒரு தடவை கேட்டேவிட்டேன்.

“ஒண்ணும் போடலண்ணே. அது பாட்டுக்கு ஓடுதுலா,” என்றான்.

அவன் டைனமோவில் தாயத்து கட்டியிருக்கிறான் என்று லயத்தில் ஒரு பேச்சு இருந்தது. ஒரு நாள் அவன் சாப்பிடப் போன நேரத்தில் டைனமோவைச் சுற்றிச் சுற்றித் தேடினேன். ஒரு கயிறுகூட இல்லை.

எங்கள் இருவருக்கும் மேலே செல்லையா ஃபோர்மன். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் காற்சட்டை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை. இன்ஜின் கொட்டகைக்கு வந்தால் உடனே பேச மாட்டார். முதலில் வாசலில் நின்று கண்ணை மூடிக் கேட்பார். பிறகு ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை பேரிங்கின்மேல் வைத்து, மரக்கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொள்வார். அதற்குள் நாம் மூச்சுவிடுவதும் அவருக்குப் பிடிக்காது. கடைசியில் மெஷினை நிறுத்தச் சொல்லி, சட்டைப் பையிலிருந்து சலவை மடிப்புக் கலையாத கைக்குட்டையை எடுத்து, செம்பு உருளையை ஒரே ஒரு தடவை ஒற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கறுப்பு ஒட்டவில்லை என்றால் “ஓம்” என்பார், சரி என்று அர்த்தம். ஒட்டியிருந்தால் ஒரு வார்த்தை திட்ட மாட்டார். கைக்குட்டையை நான்காக மடித்து நம் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதைத் துவைத்து, இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

என் மனைவி பார்வதி அந்தக் கைக்குட்டைகளைத் துவைத்துத் துவைத்து அலுத்துப்போனாள். “காதர் தம்பி வீட்டுக்காரி ஒண்ணுகூடத் துவைச்சதில்லையாம்,” என்று என் காதுபட வேறு சொல்வாள்.

ஒரு மழைக்காலத்தில் என் டைனமோ ஈரம் கோத்துக்கொண்டு மக்கர் செய்தது. “ஈரம்தான் காணும் கரண்டுக்கு எமன்,” என்றார் ஃபோர்மன். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். எடுத்ததோடு நிற்கவில்லை. பலகை வாங்கி, உருளையும் கார்பனும் இருக்கும் பக்கத்தை மட்டும் மூடுகிற மாதிரி ஒரு பெட்டி செய்தேன். புகையும் ஈரமும் ஒரு இழைகூட நுழையாதபடி விளிம்பெல்லாம் ரப்பர் ஷீட்டை வெட்டி ஒட்டினேன். உள்ளே பார்க்க ஒரு சிறு கண்ணாடி. இவ்வளவும் செய்தபின் பெட்டிக்குள் இருக்கிற ஈரத்தை என்ன செய்வது? அதற்கும் வழி கண்டுபிடித்தேன்.

கடலோரம் கோத்தா கோலா மூடாவில் மீன்பிடிக்கிறவர்கள் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு செய்வார்கள். தண்ணீர் ஊற்றாத பச்சைச் சுண்ணாம்புக் கட்டி, காற்றில் இருக்கும் ஈரத்தை எல்லாம் குடித்துவிடும். குடித்துக் குடித்துப் பொடியாக உதிரும். போலீஸில் பாஸ் வாங்கிக்கொண்டு சைக்கிளிலேயே போய், மூடி இறுக்கிய தகரத்தில் சுண்ணாம்புக் கட்டி வாங்கி வந்தேன். பெட்டிக்குள் தட்டில் பரப்பிவைத்தேன். அது பொடியாகுமுன் மாற்றுவேன். கையிருப்பில் எப்போதும் ஒரு தகரம் உபரியாக வைத்திருப்பேன்.

ஃபோர்மன் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். கையை உள்ளே விட்டுத் தடவினார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “கெட்டிக்காரன் காணும் நீர்,” என்றார். பக்கத்தில் காதர் நின்றுகொண்டிருந்தான். என் உத்தியோக காலத்தில் நான் முழுசாகச் சந்தோஷப்பட்ட நாள் அதுதான்.

அன்றைக்கே இன்னொன்றும் சொன்னார். இரண்டு டிவிஷனுக்கும் சேர்த்துப் பெரிய இன்ஜின் கொட்டகை ஒன்று கட்டப்போகிறார்கள். “உங்கள் ரெண்டு பேரிலை ஒராள்தான் அதுக்குப் பெரியாள். மற்றாள் அவருக்குக் கீழை. நான் பாத்துத்தான் சொல்லுவன்.”

அந்த இடம் எனக்குத்தான் என்று நான் முடிவே செய்துவிட்டேன். பார்வதியிடம், பெரிய கொட்டகைக்கு நான்தான் பெரியாள் என்று சொல்லியும்விட்டேன்.

அதற்குப் பிறகுதான் கார்பன் தேய ஆரம்பித்தது. முன்பெல்லாம் மாதக்கணக்கில் உழைத்தது, வாரக்கணக்கில் கரைந்தது. பெட்டிக்குள்ளிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம். உருளையில் காப்பி நிறம் சுத்தமாகப் போய்விட்டது. வெறும் செம்பு பல்லை இளித்தது. ஸ்பிரிங்கைத் தளர்த்திப் பார்த்தேன், இறுக்கிப் பார்த்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பொங்கலுக்கு டைனமோவைத் துலக்கிச் சந்தனப் பொட்டு வைத்துக் கும்பிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. வந்த கார்பனே மட்டம் என்று சொல்லலாம் என்றால், காதருக்குப் போனதும் அதே டப்பாவிலிருந்துதான். நல்லதாகப் பொறுக்கி எடுத்துக்கொள்கிறான் என்று எனக்குச் சந்தேகம். ஃபோர்மனிடம் சொல்லி, அவன் டைனமோவில் ஓடிக்கொண்டிருந்த கார்பனைக் கழற்றி எனக்கும், என்னுடையதை அவனுக்கும் மாட்டவைத்தேன். அவனிடம் பட்டுப்போல ஓடிய கார்பன் என்னிடம் வந்து கத்தியது. என்னிடம் கத்தியது அவனிடம் போய் வாயை மூடிக்கொண்டது. கார்பனுக்குக்கூட அவனைத்தான் பிடிக்கிறது என்று நினைத்தபோது அழுகை வந்தது.

வெயில் காலம் வந்தது. யான் என்கிற நெல்வயல் ஊர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள், வயலெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது என்றார்கள். ஒரு நாள் பொழுது சாய்ந்து கேட் பூட்டிய சமயம், பெட்டிக்குள் பளீரென்று ஒரு வெளிச்சம். கார்பன் அடியோடு தேய்ந்து ஸ்பிரிங்கே உருளையில் இடித்துவிட்டது. வேலி விளக்கு மொத்தமும் அணைந்தது.

எஸ்.சி. ஒருவன் பயந்துபோய்ச் சுட்டான். இன்னொருவன் அதைக் கேட்டுச் சுட்டான். லயத்துச் சனங்கள் எல்லாரும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தரையில் படுத்துவிட்டார்கள். நான் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு புது கார்பன் மாட்டினேன். விளக்கு வந்தபோது என் லயத்துத் தண்ணீர்ப் பீப்பாயில் ஓட்டை விழுந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. பீப்பாய்க்குப் பின்னால் பலகைச் சுவர். சுவருக்குப் பின்னால் பார்வதி படுத்திருந்தாள்.

மறுநாள் போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பின்மேல் கறுப்புக் கறுப்பாகப் பொடி. இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

“சியாப்பா புவாட் இனி?” என்று மலாயில் கேட்டார். யார் செய்த வேலை இது என்கிறார். மெஷின் தேய்வதற்காக யாரோ எதையோ தூவியிருக்கிறார்கள் என்பது அவர் கணக்கு. அப்படித் தூவக்கூடிய ஒரே ஆள் நான்தான். காட்டுக்காரர்களுக்குக் கைகொடுத்தான் என்று பெயர் வந்துவிட்டால் விசாரணை கிடையாது. கூண்டு, இல்லையென்றால் இந்தியாவுக்கு நாடுகடத்தும் கப்பல்.

செல்லையா ஃபோர்மன் கைக்குட்டையை எடுத்தார். அந்தப் பொடியை அதில் ஒற்றி, மடித்து, இந்த முறை தன் பையிலேயே போட்டுக்கொண்டார். இன்ஸ்பெக்டரிடம் இங்கிலீஷில் ஏதோ பேசினார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“இண்டையிலிருந்து நீர் ஆற்றோரம். காதர் இஞ்சை வரட்டும். பெட்டி, சுண்ணாம்பு எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும். அவன்ர கையிலையும் கார்பன் தேய்ஞ்சா பிழை உம்மிலை இல்லை. விளங்குதோ?”

விளங்கியது. கையெடுத்துக் கும்பிட்டேன். ஆனால் மனசு முழுக்க வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. காதர் தொட்டதும் இந்தச் சனியன் பிடித்த டைனமோவும் ஒழுங்காக ஓடிவிட்டால் என்ன செய்வது? பழி என் தலையில் விழும். அதைவிட, அவன் சிரிப்பானே!

மேட்டுப் பாதையில் பையைத் தூக்கிக்கொண்டு நான் இறங்க, அவன் ஏற, எதிரெதிரே வந்தோம்.

“என்னண்ணே, என்னை மாட்டிவிட்டுட்டுப் போறீங்க?” என்று சிரித்தான்.

“சுண்ணாம்பு பொடியாகுறதுக்கு முன்னாடி மாத்திடணும். மறந்துடாத.”

“சரிண்ணே, சரிண்ணே.”

உபரியாக இருந்த சுண்ணாம்புத் தகரம் என் பையில் இருந்தது. நான் சைக்கிள் மிதித்து வாங்கிவந்தது. அதை ஏன் அவனுக்கு விட்டுவிட்டுப் போக வேண்டும்? வேண்டுமென்றால் அவனும் சைக்கிள் மிதிக்கட்டும்.

ஆற்றோரக் கொட்டகையில் எனக்கு வேலையே இல்லை. டைனமோ பாட்டுக்கு ஓடியது. உருளையில் காப்பி நிறம் கண்ணாடிபோல மின்னியது. நான் ஆசைப்பட்ட அந்த நிறம் இப்போது என் பொறுப்பில் இருந்தது. யார் மெச்சினார்கள்? “காதர் தம்பி எப்ப திரும்ப வரும்?” என்று ஷீட் அலசும் பெண்கள் கேட்டார்கள். நான் பாடினால் யாரும் சிரிக்கவில்லை. ஃபோர்மன் வந்து கைக்குட்டையால் ஒற்றி “ஓம்” என்றபோதுகூட, அந்த “ஓம்” காதருக்குப் போகிறது என்றே எனக்குப் பட்டது.

பிறகு அந்தச் சேதி வந்தது. மேட்டு டிவிஷனில் காதர் கையிலும் கார்பன் தேய்கிறது. முதல் செட் போயிற்று. இரண்டாவதும் பாதி போயிற்று. சத்தம் லயம்வரைக்கும் கேட்கிறதாம். அன்றைக்குப் பார்வதியைப் பாயசம் வைக்கச் சொன்னேன். என்ன விசேஷம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்றேன். இன்ஸ்பெக்டர் அதற்குமேல் என்னைத் தேடி வரவில்லை. என் பெயரில் இருந்த கறை போயிற்று. காதரின் பெயரும் போயிற்று. பெரிய கொட்டகைக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எந்த மூலையில் என் நாற்காலியைப் போடலாம் என்று பார்த்துக்கொண்டே போனேன்.

அந்தச் சமயத்தில் பட்டாளம் இறங்கித் தேடுதல் நடத்தியது. கோத்தா கோலா மூடா போகும் ரோட்டை மறித்துவிட்டார்கள். வெளியே போக யாருக்கும் பாஸ் இல்லை.

ரோடு திறக்குமுன்பே ஒரு காலையில் செல்லையா ஃபோர்மன் ஆற்றோரம் வந்தார். டைனமோவைப் பார்க்கவில்லை. “வாரும் காணும் என்னோடை,” என்றார். அவருடைய மோட்டார் காடியில் மேட்டுக்குப் போனோம். கொட்டகை வாசலில் இறங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் இல்லை.

ஃபோர்மன் வாசலில் நின்று கண்ணை மூடினார். வெகுநேரம் நின்றார். ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார். நிறுத்தச் சொல்லிப் பெட்டியைத் திறந்து கைக்குட்டையால் ஒற்றினார். வெள்ளையாகவே இருந்தது. உருளையில் இலேசாகக் காப்பி நிறம் ஏற ஆரம்பித்திருந்தது.

“என்ன செய்தனீர்?” என்று காதரைக் கேட்டார்.

“ஒண்ணும் செய்யலங்கையா. சுண்ணாம்பு தீந்துபோச்சு. நாளைக்கு வாங்கலாம், நாளைக்கு வாங்கலாம்னு சோம்பலா விட்டுட்டேன். அதுக்குள்ள ரோட்டை மூடிட்டாங்க. தட்டுல இருந்தது ஈரமாகிக் களிமாதிரி ஆயிடுச்சு. அதுலேர்ந்து கத்துறது குறைஞ்சுச்சு. சரி, ஈரந்தான் இதுக்குப் புடிக்குது போலன்னு சுண்ணாம்பைக் கொட்டிட்டு, சாக்கை நனைச்சு வச்சேன்லா. அப்புறம் சத்தமே இல்ல.”

தட்டில் பார்த்தேன். நான் அளவெடுத்துச் செய்த தட்டில், என் பெட்டிக்குள், நனைந்த கோணிச் சாக்குத் துண்டு ஒன்று கிடந்தது. மின்சார மெஷினுக்குள் ஈரச் சாக்கு! எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

“ஐயா, இவன் விளையாடுறான். வேற எதையோ செஞ்சிட்டு மறைக்கிறான். எங்கிட்ட ஒரு தகரம் சுண்ணாம்பு இருக்கு. கொண்டாந்து வச்சுப் பாப்போம்.”

“கொண்டு வாரும்,” என்றார்.

தகரத்தைக் கொண்டுவந்தேன். ஃபோர்மன் தானே சாக்கை எடுத்து, பெட்டியின் உள்ளே துடைத்து, புதுச் சுண்ணாம்புக் கட்டிகளைப் பரப்பி, மூடச் சொன்னார். இன்ஜினை ஓட்டவைத்தார். ஒரு எண்ணெய்ப் பீப்பாயின்மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்துகொண்டார். காதர் எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தான். நான் குடிக்கவில்லை.

மதியம்வரைக்கும் ஒன்றுமில்லை. எனக்குத் தைரியம் வந்தது. பார்த்தீர்களா என்று சொல்ல வாயைத் திறக்கும்போது, பெட்டிக்குள் ஒரு சின்னக் கீச். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு விடாமல் கத்த ஆரம்பித்தது. கண்ணாடி வழியே பார்த்தால் உருளையைச் சுற்றிப் பொறி.

ஃபோர்மன் எழுந்து, நிறுத்தி, சுண்ணாம்பை வெளியே எடுத்து, காதரின் சாக்கை மறுபடி நனைத்து உள்ளே வைத்தார். மறுபடி ஓட்டம். மறுபடி பீப்பாய். இப்போது நான் கும்பிட ஆரம்பித்தேன். நிற்கக் கூடாது, இந்தச் சத்தம் நிற்கவே கூடாது என்று எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். கார்பன் மொத்தமும் கரைந்து போனாலும் பரவாயில்லை, அவன் சொன்னது பொய்யாகட்டும் என்று கும்பிட்டேன். வெயில் தாழ்வதற்குள் சத்தம் சிறுத்துச் சிறுத்து நின்றுவிட்டது.

ஃபோர்மன் பீப்பாயிலிருந்து கைக்குட்டையை எடுத்து உதறிக்கொண்டே பேசினார். அவருடைய மச்சான் ஒருவர் விமானத் தளத்தில் கிளார்க் வேலை பார்த்தாராம். சண்டைக் காலத்தில் ரொம்ப உயரத்தில் பறந்த விமானங்களில், மோட்டாருக்குள் இருந்த கார்பன் எல்லாம் மாவாகிப் போனதாம். மேலே போகப்போகக் காற்றில் ஈரமே இருக்காது, அதுதான் காரணம் என்று அங்கே பேசிக்கொண்டார்களாம்.

“அப்ப நான் நம்பேல்லை. கரி வழுக்கிறதுக்கும் தண்ணி வேணும் போலை. நாங்கள் அதை ஒரு சொட்டும் மிச்சமில்லாமல் சுண்ணாம்புக்குக் குடிக்கக் குடுத்திட்டம்.” என் பக்கம் பார்த்தார். “பெட்டி நல்ல பெட்டி எண்டு கை குடுத்தவன் நான். உம்மிலை மட்டும் பிழை சொல்ல மாட்டன்.”

காதர் போய்விட்டான். கொட்டகையில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். பெரிய கொட்டகையைப் பற்றி அவர் வாயைத் திறக்குமுன் நானே கேட்டுவிட்டேன்.

“ஐயா, பெட்டி என்னோடது. சுண்ணாம்பு வச்சது நானு. அது ரெண்டும் இல்லாட்டி அவன் என்னத்தைக் கண்டுபுடிச்சிருப்பான்? சோம்பேறித்தனத்துக்கா பதவி?”

அவர் கைக்குட்டையை மடித்துக்கொண்டே கேட்டார். “நீர் இஞ்சை இருந்திருந்தால் சுண்ணாம்பு தீர விட்டிருப்பீரோ?”

“ஒரு நாளும் விட்டிருக்க மாட்டேன்.”

“பொடியானதுக்குப் பிறகாவது, இது ஏன் கத்தேல்லை எண்டு யோசிச்சிருப்பீரோ?”

என்னிடம் இருந்திருந்தால் அது பொடியாகியே இருக்காது. என் கஷ்டம் எனக்கே புரியாமல் இருந்தது. அதை ஒருவன் வாங்கிக்கொண்டு போய், தூங்கி வழிந்துகொண்டே தீர்த்துவிட்டான். அந்த டைனமோ என்னிடம் இருந்தவரைக்கும் அது என் தலைவலி. அவனிடம் போனதும் அது அவனுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். உபரித் தகரத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தால் அவன் அதைத்தான் பரப்பியிருப்பான், கார்பன் கத்திக்கொண்டே இருந்திருக்கும், நாற்காலி எனக்கு வந்திருக்கும். இதை நினைத்து நான் தூக்கம் கெட்ட இரவுகள் கொஞ்சமல்ல.

பெரிய கொட்டகைக்குக் காதர்தான் பெரியாள் ஆனான். நான் அவனுக்குக் கீழே. பார்வதி ஏதாவது சொல்லியிருந்தால் அவளோடாவது சண்டை போட்டிருப்பேன். புதுக் கொட்டகையும் புகைக்கொட்டகைக்குப் பக்கத்தில்தான் அமைந்தது. புகை படியாமல் இருக்க, என் பெட்டியைக் கொஞ்சம் பெரிதாக்கிப் புது டைனமோவுக்கு மாட்டினார்கள். பெட்டிக்குள் வெக்கை சேர்ந்து காய்ந்துவிடக் கூடாது என்று, தட்டில் நனைந்த சாக்கு வைப்பது சட்டமாயிற்று. முதல் நாள் காலை காதர் என்னைத் தனியே கூப்பிட்டான். அவனுக்கு என்னிடம் அதிகாரம் காட்டத் தெரியவில்லை. நெளிந்தான்.

“அண்ணே, நீங்கதான் காலையில முதல்ல வர்றீங்க. எனக்கு எழுந்திருக்க நேரமாயிடும். சாக்கை மட்டும் நனைச்சு வச்சிடுறீங்களா?”

“வைக்கிறேன்,” என்றேன்.

வேலியைப் பிரித்தார்கள். அவசர காலம் முடிந்தது. துரைகள் மாறினார்கள். செல்லையா ஃபோர்மன் ஊருக்குப் போய்விட்டார். டவுன் கரண்ட் தோட்டத்துக்கு வந்து அந்த டைனமோவை நிறுத்துகிறவரைக்கும், தினம் விடிந்ததும் அந்தச் சாக்கை வாளியில் முக்கி, சொட்டாமல் பிழிந்து, தட்டில் விரித்து, பெட்டியை மூடியவன் நான்தான். காய்ச்சலோடும் போயிருக்கிறேன். என் மகன் பிறந்த அன்றைக்கும் போய் நனைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கோவிந்தனைப்போலப் பொறுப்பான ஆள் கிடையாது என்று காதர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான். ஒரே ஒரு காலை நான் மறந்து, அந்தக் கார்பன் ஒரே ஒரு தடவை கத்தியிருந்தால், பொறாமையில் செய்தான் என்று சொல்லியிருப்பார்கள். அது உண்மையாகவும் இருந்திருக்கும்.